கைக்கணினி புரோட்டோடைப்பில் ராம் தகராறா? இப்படித் தேடுங்கள்

புதிய போர்டு ஒருமுறை பூட் ஆகிறது, மறுமுறை பாதியில் உறைகிறது. வீடியோ ஓட்டினால் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. உடனே ராம் சிப்பைக் கழற்றக் கை பரபரக்கும். வேண்டாம். பிழை எப்படி வருகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது 32 பிட் பஸ்ஸில் இரண்டு 16 பிட் டிடிஆர்3எல் (குறைந்த வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3 ராம்) சிப்கள், 533 மெகாஹெர்ட்ஸ் கிளாக், யூ-பூட் (லினக்ஸை ஏற்றிவிடும் பூட்லோடர்), லினக்ஸ்.

1. சீரியல் கன்சோலை (போர்டின் பூட் செய்திகளை உங்கள் கணினியில் காட்டும் இணைப்பு) இணையுங்கள். வேகம் பெரும்பாலும் 115200 பாட். மாட்டும் முன் போர்டின் சீரியல் பின்னில் எத்தனை வோல்ட் என்று அளந்துவிடுங்கள், 1.8 வோல்ட் பின்னில் 5 வோல்ட் அடாப்டரைச் சொருகினால் பிராசசருக்கே ஆபத்து. கன்சோலில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று வந்தால் ஏதோ ஒரு புரோகிராம் ராமைத் தின்கிறது; ஹார்டுவேரைத் தொட வேண்டியதில்லை. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் விழுந்தால் தொடர்ந்து படியுங்கள்.

2. மின்சாரம். டிடிஆர்3எல்லுக்கு 1.35 வோல்ட், விரெஃப் (0, 1 பிரித்தறிய உதவும் ஒப்பீட்டு வோல்டேஜ்) அதில் சரிபாதி. மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும். லோடு ஏறும் நொடியில் விழும் பள்ளம் ஆசிலாஸ்கோப்பில்தான் தெரியும். இசட்க்யூ பின்னில் (சிப் தன் இம்பீடன்ஸைச் சரிசெய்துகொள்ள உதவும் பின்) 240 ஓம், 1 சதவீத ரெசிஸ்டர்தானா என்றும் பார்த்துவிடுங்கள்.

3. யூ-பூட்டின் எம்டெஸ்ட், அதாவது ராமில் எழுதிப் படித்து ஒப்பிடும் கமாண்ட். ராமின் உச்சியில் யூ-பூட்டே உட்கார்ந்திருக்கிறது. அதன் மேலேயே எழுதினால் டெஸ்ட்டே போர்டைக் கவிழ்த்துவிடும், பழி ராம் மீது விழும். பிடிஇன்ஃபோ கமாண்ட் காட்டும் ரீலொகேஷன் முகவரிக்கு (யூ-பூட் போய் உட்காரும் இடம்) கீழே 64 எம்பி விட்டுவிட்டு ஓட்டுங்கள். சின்னப் பரப்பு போதாது. பிராசசருக்குள் இருக்கும் கேஷ் நினைவகம் பிழையை மறைத்துவிடும்.

4. பிழையைப் படியுங்கள். முக்கியமான கட்டம் இதுதான். எழுதியது 55555555, படித்தது 55555155 (இரண்டும் ஹெக்ஸ் எண்கள்) என்றால், வலது ஓரத்தில் பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 10ஆம் பிட் 1லிருந்து 0 ஆகியிருக்கிறது. எப்போதும் அதே பிட் என்றால் அந்த டேட்டா லைனின் சால்டரைச் சந்தேகியுங்கள். ஸ்கீமேட்டிக்கைப் பார்க்காமல் சிப்பின் 10ஆம் பின்னைத் தேடாதீர்கள்: டிராக் போட வசதியாக ஒரே பைட்டுக்குள் பிட்களை இடம் மாற்றுவது சகஜம். முழு பைட்டும் குப்பையாக வந்தால் அந்த பைட்டின் டிக்யூஎஸ் லைன் (டேட்டாவை எப்போது படிக்க வேண்டும் என்று சொல்லும் சிக்னல்). ஓரிடத்தில் எழுதியது இன்னோரிடத்திலும் தெரிந்தால் அட்ரஸ் லைன், அல்லது கான்ஃபிகரேஷனில் சிப்பின் அளவு தப்பு. எந்த ஒழுங்கும் இல்லையென்றால் மின்சாரம் அல்லது டைமிங்.

5. ராம் கிளாக்கை 400 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். 300க்குக் கீழே போகாதீர்கள், சிப்பின் டிஎல்எல் (டேட்டாவைக் கிளாக்கோடு ஒத்திசைக்கும் சுற்று) ஒத்துழைக்காது. இதில் பலரும் வழுக்கும் இடம் ரிஃப்ரெஷ், அதாவது டேட்டா அழியாமல் ராமைக் குறித்த இடைவெளியில் புதுப்பிப்பது. அதன் இடைவெளியான 7.8 மைக்ரோசெகண்ட் என்பது 533இல் சுமார் 4157 சுழற்சி, 400இல் 3120. பழைய எண்ணை அப்படியே விட்டால் இடைவெளி 10.4 மைக்ரோசெகண்டாக நீண்டு, இல்லாத கோளாறு ஒன்று புதிதாக முளைக்கும். 400இல் சுத்தமாக ஓடினால் டைமிங், டிராக் நீளம் பக்கம் போங்கள். அதே பிட் இப்போதும் விழுந்தால் சால்டர்தான்.

6. லினக்ஸில் மெம்டெஸ்டர் என்ற ராம் சோதனை புரோகிராமை ரூட்டாக (நிர்வாகி உரிமையில்) இரவு முழுக்க ஓட்டுங்கள், கூடவே கேம் ஒன்றும் ஓடட்டும். மூடிய பெட்டிக்குள் சூடு ஏறும்; சிப் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ரிஃப்ரெஷ் இடைவெளி 3.9 மைக்ரோசெகண்டாகக் குறைய வேண்டும். ஸ்லீப்பில் போட்டு எழுப்பிய பிறகு மட்டும் டேட்டா கெடுகிறதென்றால், செல்ஃப்-ரிஃப்ரெஷின்போது (ராம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் நிலை) சிகேஇ லைன் (கிளாக்கை ஏற்கச் சொல்லும் சிக்னல்) கீழேயே நிற்கிறதா, 1.35 வோல்ட் அறுபடாமல் வருகிறதா என்று பாருங்கள்.