பழைய அட்லஸ் கைக்கு வந்தால், முதலில் ரப்பரைத் தள்ளி வையுங்கள்

என் சொந்தத் தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் பெங்களூர் அவென்யூ ரோடு பழைய புத்தகக் குவியலில் முதுகு கிழிந்த இங்கிலீஷ் அட்லஸ் ஒன்று வாங்கினேன். அல்சூர் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாக, உள்ளட்டையில் பென்சிலில் இருந்த இரண்டு எழுத்தையும் ஓர் எண்ணையும் ரப்பர் போட்டு அழித்தேன். அழுக்கு என்று நினைப்பு. பிறகு பழைய புத்தகங்களில் ஊறிய பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். புரட்டிவிட்டு, "அதத்தானே சார் நாங்க முதல்ல பார்ப்போம்" என்றார். வாங்கிய விலையைக் கடைக்காரர்கள் ரகசிய எழுத்தில் குறித்து வைப்பது பழைய வழக்கம். ஏலத்தில் வந்திருந்தால் அந்த எண்ணும் பென்சிலில்தான் இருக்கும். புத்தகம் யார் யார் கை மாறி வந்தது என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே தடயத்தை நானே துடைத்திருந்தேன்.

கையெழுத்து, நூலக முத்திரை, அலமாரி எண், குடும்பச் சின்னம் அச்சிட்ட ஒட்டுத்தாள் எதையும் தொடாதீர்கள். பைண்டிங் தளர்ந்திருந்தால் புது அட்டை போடக் கொடுக்கவும் வேண்டாம். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் உள்ளட்டையிலும் முதல் வெற்றுத்தாளிலும்தான் இருக்கும். பைண்டர் முதலில் கிழித்துப் போடுவது அதைத்தான்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: இருக்கிற பெயரை அப்படியே நம்பிவிடுவது. ஒட்டுத்தாளை வேறொரு புத்தகத்திலிருந்து உரித்து இதில் ஒட்டுவது ஒன்றும் பெரிய வித்தையல்ல. பல காலம் ஒரே இடத்தில் இருந்த தாள், எதிர்ப்பக்கத்தில் பழுப்பு நிழல் விட்டிருக்கும். நிழலே இல்லையென்றால் சந்தேகப்படலாம். அப்புறம் குடும்பக் கதை. கண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் கோலார் தங்கவயலிலிருந்து இங்கே வந்தவர்களிடமும் இதை அடிக்கடி கேட்கலாம்: "துரை சீமைக்குப் போறப்ப தாத்தாகிட்ட குடுத்துட்டுப் போனாரு." பொய் என்று சொல்லவில்லை. பாட்டி சொன்னதை, சொன்ன தேதியோடு எழுதி வையுங்கள். ஆனால் புத்தகத்தில் இருப்பது அந்தத் துரையின் பெயர்தானா, அவர் அப்போது இங்கே வேலையில் இருந்தாரா என்று பாருங்கள். தாக்கர்ஸ் மாதிரி அந்தக் காலத்து டைரக்டரிகளில் அதிகாரிகள் பெயர் ஊர்வாரியாக இருக்கும்.

வருஷத்தில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். வரைபடத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் செப்புத்தகட்டில் செதுக்கிய வருஷம். தாளில் அச்சான வருஷமாக இருக்க வேண்டியதில்லை. ஆர்டீலியஸ் என்ற வரைபடக்காரர் 1570இல் ஆண்ட்வெர்ப்பில் வெளியிட்ட உலக அட்லஸ், 1598இல் அவர் இறந்த பிறகும் 1612 வரை பல மொழிகளில் வந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு தாள் கிடைத்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். அங்குள்ள எழுத்து எந்த மொழி, வரிகள் எப்படி உடைகின்றன என்பதை வைத்துத்தான் பதிப்பைச் சொல்ல முடியும். இங்கிலீஷ் தாள் என்றால் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். தாளுக்குள்ளேயே தெரியும் வாட்டர்மார்க்கான நீர்க்குறியில் வருஷம் போடுவது 1794க்குப் பிறகு அங்கே பரவலானது. வரைபடத்தில் 1782 என்றும் நீர்க்குறியில் 1811 என்றும் இருந்தால், அந்தத் தாள் 1811க்கு முன் அச்சாகியிருக்க முடியாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. கம்பெனி ஆட்சியில் 1827இல் தொடங்கிய இந்திய அட்லஸில், ஓர் அங்குலத்துக்கு நாலு மைல் கணக்கில், தனித்தனித் தாள்களாக நாட்டை வரைந்தார்கள். தகட்டைத் திருத்தித் திருத்தி அடித்ததால் பழைய தேதியும் புதிய ரயில் பாதையும் ஒரே தாளில் நிற்கும். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்கு ரயில் வந்தது 1864இல். அந்தப் பாதை கோடாகத் தெரிகிற தாளை 1830களின் அச்சு என்று யாராவது விலை சொன்னால், சிரித்துவிட்டு நகருங்கள்.

எத்தனை வரைபடம் இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது என்று எண்ணாமல் பணம் கொடுக்காதீர்கள். ஆர்டீலியஸின் முதல் பதிப்பில் 53 தாள். அட்லஸை உடைத்துத் தாள் தாளாக விற்றால் லாபம் அதிகம் என்பதால், நல்ல படங்கள்தான் முதலில் காணாமல் போகும். தையல் பக்கம் கத்தி வைத்த தடம் தெரிகிறதா பாருங்கள். 2005இல் யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் ஃபோர்ப்ஸ் ஸ்மைலி என்ற வரைபட வியாபாரி பிடிபட்டதே, தரையில் கிடந்த ஒரு கத்தி அலகால்தான். பல நூலகங்களிலிருந்து 97 வரைபடங்களை எடுத்ததாக அவர் ஒப்புக்கொண்டார். ஆகவே நூலக முத்திரை இருந்து, நூலகமே கழித்துவிட்டதற்கான குறி எதுவும் இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்ட பிறகே வாங்குங்கள்.

செலோடேப், லேமினேஷன் இரண்டையும் பற்றி விளக்கவே வேண்டாம். வேண்டாம் என்றால் வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்தனுப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷப் பொருளும், வரலாற்று மதிப்புள்ள 75 வருஷ ஆவணமும் தொல்பொருள் கணக்கில் வரும். அவற்றைத் தனியாள் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. பெட்டி கட்டும் முன் மத்திய தொல்லியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

என் அட்லஸுக்கு வருகிறேன். போன மாதம் அந்தப் பெரியவர் சொன்னபடி அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளோடு தாளாகச் சாய்த்துப் பிடித்தேன். ரப்பர் கரியைத்தான் எடுத்திருக்கிறது. பென்சில் அழுத்திய பள்ளம் அப்படியே இருக்கிறது. எண் 214. முதல் எழுத்து கே. இரண்டாவதைப் படிக்கத்தான் இன்னும் முடியவில்லை.