கொழும்பில் நம்ம ஊர் சாம்பார்

தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்கு வந்தவர்களின் நாக்கு முதலில் தேடுவது சாம்பாரைத்தான். வெள்ளவத்தைக் கடைகளில் சாமான் கிடைக்கும், பெயர்தான் சிக்கல். வெறுமனே ‘பருப்பு’ என்று கேட்டால் சிவப்பு மைசூர்ப் பருப்பை நிறுத்துத் தருவார்கள். துவரம் பருப்பு என்று முழுப் பெயரையும் சொல்லுங்கள். காய்ந்த மிளகாய்க்கு இங்கே செத்தல் மிளகாய்.

அப்புறம், யாழ்ப்பாணக் கறித்தூளைச் சாம்பாரில் போட்டுவிடாதீர்கள். அதில் பெருஞ்சீரகம், அதாவது நம்ம சோம்பு, சேர்ந்திருக்கும். நான் இரண்டு கரண்டி போட்டேன். மீன் இல்லாத மீன் குழம்பு ஆகிவிட்டது. (நன்றாகத்தான் இருந்தது, அது வேறு கதை.) மல்லி, செத்தல், கடலைப் பருப்பு, கொஞ்சம் வெந்தயம் வாங்கி, தனித்தனியாக வறுத்து மிக்சியில் அரைத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் மல்லிக்கு 100 கிராம் செத்தல் எங்கள் வீட்டு அளவு.