கொறங்காட்டில் பாம்பு, ஓணான் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் காங்கேயம் பக்கம் ஒரு கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், புதிதாக வந்த மூன்று பேரோடு நடந்தேன். பத்து வருடத்துக்கு முன் நான் செய்த அத்தனையையும் முதல் கால் மணி நேரத்திலேயே செய்துவிட்டார்கள். ஷூ போடுங்கள், பாம்பைக் கையால் தொடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கல்லைப் புரட்டிவிட்டு அப்படியே போவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. கொழுக்கட்டைப் புல்லும் காய்ந்து கிடக்கிற கோடையில், மண்ணில் பதிந்த பலகைக் கல்லுக்கு அடியில்தான் கொஞ்சம் ஈரம் தங்கும். கிளப்பினால் கல்லின் அச்சு கறுப்பாகத் தெரியும், வெளுத்த புல்வேர், சிதறி ஓடும் கரையான், ஓரத்தில் ஒரு தேள், சில நாள் நடுவில் சுருண்டு கிடக்கும் சுருட்டை விரியன். அந்தக் கல் மண்ணோடு அப்படிப் பொருந்தப் பல வருடம் ஆகியிருக்கும். கோணலாகப் போட்டால் இடுக்கில் வெயிலும் காற்றும் புகுந்து அடிமண் காய்ந்துவிடும், அப்புறம் அங்கே எது வந்து தங்கும்?

ஆரம்பத்தில் நானும் ஒரே காலையில் நாற்பது ஐம்பது கல் புரட்டுவேன். ஒன்றின் அடியில் பட்டாணி அளவில் இரண்டு பல்லி முட்டை இருந்தன. போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போய்விட்டேன். சித்திரை வெயில். மறுவாரம் போனால் கல் மல்லாந்தே கிடக்கிறது, முட்டை இரண்டும் குழி விழுந்து வற்றியிருந்தன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த காட்டுக்காரப் பெரியவர், "ஏனுங் தம்பி, பொரட்டத் தெரியுது, திருப்பி வெக்கத் தெரியாதுங்களா?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

எதிர்ப்பக்க விளிம்பைக் கொக்கிக் கம்பியால் உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். உள்ளே இருப்பதற்கும் உங்கள் காலுக்கும் நடுவே கல்லே மறைப்பாக நிற்கும். பார்த்து முடிந்ததும் அதன்மேலேயே கல்லை இறக்கிவிடாதீர்கள், நசுங்கிவிடும். பல்லி, அரணை என்றால் ஓரமாக நகர விட்டு, கல்லைப் பழைய அச்சில் உட்கார வைத்தால் விளிம்பு வழியாக அதுவே உள்ளே போய்க்கொள்ளும். விரியன் என்றால் தள்ளி நின்று, அது போன பிறகு வையுங்கள்.

மண்ணுளி என்று நினைத்துக் குனிவது

விஷமுள்ள கண்ணாடி விரியன் குட்டியும் விஷமில்லாத மண்ணுளிப் பாம்பும் தடித்த உடம்பு, பழுப்புத் திட்டு என்று ஒன்றுபோலவே தெரியும். சந்தேகம் வந்தால் விரியன்தான். சுருட்டை விரியன் செதிலைச் செதிலோடு உரசும்போது, சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சத்தம் வரும். கேட்டால் அங்கேயே நில்லுங்கள்.

விசிறித்தொண்டை ஓணானைத் துரத்துவது

உட்காருங்கள். பத்து நிமிடத்தில் அதே கல்லுக்கு வந்து தொண்டை விசிறியை விரிக்கும். பின்னங்காலில் நாலே விரல்தான், எண்ணிப் பாருங்கள். இந்த இனத்தில் ஒன்றுக்கு 2016-ல் 'சிட்டானா விசிறி' என்று நம் சொல்லையே பெயராக வைத்தார்கள்.

கடித்துவிட்டால்

கட்டாதீர்கள், கீறாதீர்கள். 108.

இடத்தை வெளியே சொல்வது

மண்ணுளி பார்த்த காட்டின் பெயரைப் போடாதீர்கள். இரட்டைத் தலைப் பாம்பு என்று விலை பேசிப் பிடிக்க வருகிறார்கள்.