பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணையாகப் போகும் பெற்றோருக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து தைப்பிங் மிருகக்காட்சிசாலைக்குப் பள்ளிப் பிள்ளைகளோடு துணைக்குப் போகிறீர்களா? பஸ் ஏறுமுன், "என் மகன் இல்லாத குழுவை எனக்குக் கொடுங்க டீச்சர்" என்று கேட்டுப் பாருங்கள். சொந்தப் பிள்ளைக்குக் காவலாகப் போனால் நாள் முழுக்கக் கண் அவன்மேலேயே இருக்கும். பஸ் தாமதமும் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சம்பலின் காரமும்கூடப் பெருங்குறையாகத் தெரியும். பிறர் பிள்ளைகள் ஐந்தாறு பேர் நம் பொறுப்பில் என்றால் முணுமுணுக்க நேரமேது? (அம்மா பின்னாலேயே வராததில் அவனுக்கும் நிம்மதி.)

தைப்பிங்கில் மழைக்குப் பஞ்சமில்லை. பிற்பகலில் கொட்டும் என்று எண்ணியே புறப்படுங்கள். மழைக்கோட்டு பையில் இருக்கட்டும். 1883-இல் தொடங்கிய பேராக் அரும்பொருளகமும் அதே ஊரில்தான். அங்கே கூட்டிப்போனால், விளக்கம் சொல்லத் தெரியாதே என்று கூச வேண்டாம். "இது எதுக்குடா இருக்கும்?" என்று கேட்டுவிட்டால் போதும், பிள்ளைகளே கதை கட்டுவார்கள்.

படம் பிடிப்பதை மட்டும் டீச்சரிடமே விட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவுக்குப் படம் அனுப்பிக்கொண்டே தலை எண்ணுவது நடக்காத காரியம்.