“எதுவும் வெளியே போகாது” என்று வாக்குக் கொடுக்காதீர்கள்

உளவியல் ஆலோசனைப் பயிற்சியில் சேர்ந்திருக்கும் ஐந்து பேரின் முதல் செஷன் பதிவுகளைக் கடந்த மாதம் வரிசையாகப் பார்த்தேன். என்னைப் போன்ற மேற்பார்வையாளர் பார்ப்பதற்குக் கிளையண்டுகள் ஒப்புதல் கொடுத்த பதிவுகள். ஐந்தில் நான்கில் ஒரே வாக்கியம்: “கவலையே படாதீங்க, நீங்க சொல்றது எதுவும் இந்த ரூமைத் தாண்டாது.” அந்தப் பதிவை நான் வேறொரு ரூமில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்! ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிய கையோடு சொன்ன வாக்கியம் அது. நான்காவது முறை கேட்டதும் பதிவை நிறுத்திவிட்டேன். பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதையே, இதே கனிந்த குரலில் சொன்னவள்.

கிளையண்டுடன் உடலுறவு கூடாது, அவரிடம் கடன் வாங்கக் கூடாது, அவர் கதையை நண்பர்களிடம் பேசக் கூடாது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. துறைக்கு வரும் எல்லோருக்கும் அது தெரியும். நல்ல மனதோடு செய்து மாட்டிக்கொள்ளும் தவறுகள்தான் என் கவலை.

முழு ரகசியம் என்ற வாக்கு

பதினேழு வயதுப் பெண். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அம்மா அழைத்து வந்தார், கட்டணமும் அவரே கட்டினார். முதல் மூன்று செஷன்களில் ஒற்றை வார்த்தைப் பதில்கள்தான். மடியில் இருந்த பையின் ஜிப்பை இழுப்பாள், மூடுவாள், மறுபடி இழுப்பாள். நான்காவது செஷனில் அந்தச் சத்தம் நின்றது. “நிஜமாவே யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களா?” என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். அப்புறம்தான் சொன்னாள். உயிரை விட முடிவு செய்திருந்தாள், நாளும் குறித்திருந்தாள். அதற்கு நான்கே நாட்கள் இருந்தன.

அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். செய்யாமல் இருக்க வழியில்லை, இன்றைக்கு அதே நிலை வந்தாலும் செய்வேன். நான் போனைக் கையில் எடுத்ததும், “நீங்கதானே சொன்னீங்க?” என்றாள். அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை. ஜிப் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது.

சிகிச்சை கிடைத்து அவள் பிழைத்தாள். என்னிடம் திரும்பி வரவில்லை. சில மாதங்கள் கழித்து அம்மா போனில் பேசியபோது, வேறு இரண்டு ஆலோசகர்களிடம் அழைத்துப் போனதாகவும், இரண்டு இடத்திலும் அவள் வாயே திறக்கவில்லை என்றும் சொன்னார். மனதில் இருப்பதைச் சொன்னால் காட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தது நான். போன் செய்தது தவறில்லை. முதல் நாள் சொன்ன அந்த வாக்கியம்தான் தவறு. யோசித்துப் பார்த்தால், அதை அவளுக்காகவும் நான் சொல்லவில்லை. அவள் சீக்கிரம் பேச வேண்டும், அவளுக்கு என்னைப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு இருந்த அவசரம் அது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு என் மீதே கோபம் வருகிறது.

ரகசியத்துக்கு வரம்பு உண்டு என்பதை இந்தத் துறை பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1969-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்த மாணவர் ஒருவர், ஒரு பெண்ணைக் கொல்லப் போவதாக உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வளாகக் காவலர்களுக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் அந்த மாணவரைப் பிடித்து விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணையோ அவள் குடும்பத்தையோ யாரும் எச்சரிக்கவில்லை. அக்டோபரில் அந்தப் பெண், தாத்தியானா தராசாஃப், அந்த மாணவர் கையால் கொல்லப்பட்டார். பெற்றோர் தொடுத்த வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்புச் சொன்னது: பிறருக்கு ஆபத்து தொடங்கும் இடத்தில் ரகசியக் காப்பு முடிகிறது, ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு. எல்லா இடத்திலும் சட்டம் இதே மாதிரி இல்லை. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதல் கிளையண்ட் வருவதற்கு முன்பே படித்து வைத்திருங்கள்.

சரி, முதல் நாள் என்ன சொல்வது? நான் இப்போது சொல்வது இதுதான்: “நீங்க இங்க பேசறதை நான் வெளியே பேச மாட்டேன். ஆனா சில நேரத்துல பேச வேண்டி வரும். உங்க உயிருக்கோ வேறொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சா, நீதிமன்றம் கேட்டா. என் வேலையைச் சரிபார்க்க மூத்தவர் ஒருத்தர்கிட்ட உங்க பேரைச் சொல்லாம கலந்து பேசுவேன். இதுல ஏதாவது கேட்கணுமா?” ஒரு நிமிடம்கூட ஆகாது. படிவத்தில் அச்சடித்திருந்தாலும் வாயால் சொல்லுங்கள். பதற்றத்தோடு வந்து உட்கார்ந்திருப்பவர் படிவத்தைப் படிப்பதில்லை, கையெழுத்துதான் போடுகிறார்.

“இப்படிச் சொன்னால் கிளையண்ட் பேசவே மாட்டாரே” என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்கிவிடுகிறார்கள். சிலர் மெதுவாகப் பேசுவார்கள். இரண்டொருவர் மட்டும் “ஆபத்துன்னா எந்த அளவுக்கு?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், அவர்கள் சொல்ல வந்தது அதற்குப் பின்னால் இருக்கலாம்.

ரகசியத்தை மீறியே ஆக வேண்டும் என்றால், முடிந்தவரை முதலில் கிளையண்டிடம் சொல்லுங்கள். யாரிடம் சொல்வது, என்ன வார்த்தையில் சொல்வது, அவரே சொல்கிறாரா என்று கேளுங்கள். பாதுகாப்புக்குத் தேவையானதை மட்டும் சொல்லுங்கள். அந்தப் பதினேழு வயதுப் பெண்ணின் அம்மாவிடம் நான் தேவைக்கு மேலே, காதல் விஷயம் வரை சொல்லிவிட்டேன். அது ஒரு தவறுக்குள் இன்னொரு தவறு.

பெற்றோர் அழைத்து வரும் பிள்ளைகளிடம் இன்னொரு வேலையும் இருக்கிறது. முதல் நாளே பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைத்து, எதைப் பெற்றோரிடம் சொல்வேன், எதைச் சொல்ல மாட்டேன் என்று இருவர் காதிலும் விழும்படி பேசிவிடுங்கள். அதைச் செய்யாவிட்டால் கட்டணம் கட்டுபவர் வாசலில் நின்று “இன்னைக்கு என்ன பேசினா?” என்று கேட்கும்போது உங்களுக்குப் பதில் இருக்காது.

தெரிந்தவரைக் கிளையண்டாக ஏற்பது

உளப்பகுப்பாய்வை உருவாக்கிய பிராய்டு தன் மகள் அன்னாவையே 1918 முதல் உளப்பகுப்பாய்வு செய்தார். அன்றைக்கு விதிகள் உருவாகியிருக்கவில்லை. இன்று நமக்கு விதிகள் இருந்தும் “என் தம்பியைக் கொஞ்சம் பாரேன்” என்று ஒரு தோழி கேட்டால் வாய் சரி என்றுதான் சொல்கிறது. நான் சொன்னேன். ஆறு வாரத்தில் அந்தத் தம்பி அக்காவைப் பற்றிச் சொன்னவை என் தலைக்குள் நிறைந்துவிட்டன. அதன் பிறகு தோழியோடு இயல்பாகப் பேச முடியவில்லை, தம்பி சொன்னதை நடுநிலையோடு கேட்கவும் முடியவில்லை. தம்பியை வேறொருவரிடம் அனுப்பினேன். தோழியோடு இருந்த நெருக்கம் திரும்பவே இல்லை.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை எல்லா இரட்டை உறவையும் (கிளையண்டோடு ஆலோசனை தவிர வேறொரு உறவும் இருப்பது) தடை செய்வதில்லை. உங்கள் நிதானத்தைக் கெடுக்குமா, கிளையண்டுக்குத் தீங்கு வருமா என்று பார்க்கச் சொல்கிறது. ஒரே வட்டத்துக்குள் வாழும் சிறு சமூகங்களில் ஆலோசகரும் கிளையண்டும் வெளியே சந்திக்காமல் இருக்கவே முடியாது. அங்கே வெளியில் பார்த்தால் என்ன செய்வோம் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நான் முதலில் வணக்கம் சொல்வதில்லை, அவர் சொன்னால் சொல்வேன்.

இரவு மெசேஜ்

இரவு 11 மணிக்கு ஒருமுறை பதில் போட்டால், அடுத்த இரவும் எதிர்பார்ப்பார். எதிர்பார்ப்பது அவர் தவறில்லை. செஷன் நேரம் மாற்ற மட்டும்தான் மெசேஜ் என்று முதல் நாளே சொல்லி, அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்ற எண்ணை எழுதியே கொடுத்துவிடுங்கள்.

கிளையண்டை இணையத்தில் தேடுவது

தேடாதீர்கள்.

பரிசு

சின்னக் குழந்தை வரைந்த படத்தை வாங்கிக்கொள்ளலாம், தங்கச் சங்கிலியை வாங்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் வரும் எதுவாக இருந்தாலும், வாங்குவதற்கு முன்னும் மறுப்பதற்கு முன்னும் “இதைக் கொடுக்கணும்னு எப்போ தோணுச்சு?” என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் சொந்தக் கதை

சொல்லி முடித்ததும் கிளையண்ட் உங்களுக்கு ஆறுதல் சொல்கிறார் என்றால், அது அளவு மீறிவிட்டது.

குறிப்பேடு

கிளையண்ட் படிக்க நேர்ந்தாலும் கூசாத மொழியில் எழுதுங்கள். “பிடிவாதக்காரி, ஒத்துழைக்கவில்லை” என்று என் பழைய குறிப்பு ஒன்றில் இருக்கிறது. அந்தப் பதினேழு வயதுப் பெண்ணின் இரண்டாவது செஷன் குறிப்பு அது.