எல்லை ஊரில் லொகேஷன் தப்பாகக் காட்டுகிறதா?
வாளையாறு, குமுளி, களியக்காவிளை பக்கம் இருப்பவர்களுக்கான குறிப்பு இது. தமிழ்நாட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தால், நீங்கள் கொச்சியில் இருப்பதாக ஒரு தளம் காட்டலாம். பயப்பட வேண்டாம். பெரும்பாலான லேப்டாப்புகளில் ஜிபிஎஸ் இல்லை. ஐபி முகவரியை (உங்கள் இணைய இணைப்புக்கான எண்ணை) வைத்துத் தளம் ஊகிக்கிறது, அவ்வளவுதான்.

போன் அப்படியில்லை. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுவிடும். அதற்கு சிம்மோ நெட்டோ கட்டாயமில்லை; நெட் இல்லாவிட்டால் முதல் தடவை கொஞ்சம் தாமதமாகும். கட்டடத்துக்குள் சுற்றியுள்ள வைஃபை, டவர்களை வைத்து மதிப்பிடும். டவர் மட்டும் கிடைத்தால் சில கிலோமீட்டர்கூடத் தள்ளிப்போகலாம். எல்லையில் அந்தத் தூரம் அடுத்த மாநிலம் ஆகிவிடுமே!

அதனால் மலைப்பாதையில் வண்டி நின்றால், முதலில் வானம் தெரியும் இடத்துக்கு வாருங்கள். கூகுள் மேப்ஸில் நீலப் புள்ளி நிலைத்ததும், அதே இடத்தை அழுத்திப் பிடியுங்கள். அந்த இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை) வரும். குமுளி என்றால் 9.6, 77.1 என்று தொடங்கும். அவற்றை முழுசாக எஸ்எம்எஸ்ஸில் வீட்டுக்கு அனுப்புங்கள். அப்புறம் அவசர உதவி எண் 112-ஐ அழைத்தால், எந்த மாநிலம், எந்த மாவட்டம் என்பதை எடுத்தவுடனே சொல்லிவிடுங்கள்.