டிடாச்சபிள் டேப்லெட்: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பணம் கட்டும் முன் பேனாவைச் சோதியுங்கள்

கீபோர்டைக் கழற்றி வைக்கக்கூடிய டிடாச்சபிள் டேப்லெட்டை வரைவதற்காக வாங்குகிறவர்கள் பிராசஸரைப் பிறகு பார்க்கலாம், முதலில் பேனா. கடையிலேயே கிரிட்டா என்ற வரையும் நிரலைத் திறந்து, மெல்லிய பிரஷ் எடுத்து, ஸ்கேலை 45 டிகிரி சாய்வில் வைத்து மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். கோடு அலை அலையாக வந்தால் அது உங்கள் கை நடுக்கம் அல்ல. திரைக்கு அடியிலுள்ள சென்சார் கம்பிகளுக்கு இடைப்பட்ட இடத்தை டேப்லெட் கணக்கிட்டுத்தான் ஊகிக்கிறது. அந்த ஊகம் பிசகுகிறது. வேகமாக இழுத்தால் இந்தக் குறை மறைந்துவிடும், அதனால் அவசரப்பட வேண்டாம். நான்கு ஓரங்களிலும் இதையே செய்யுங்கள்.

பேனாவை அழுத்தினாலும் கோட்டின் தடிமன் மாறவில்லையா? கிரிட்டாவின் டேப்லெட் செட்டிங்ஸில் விண்டோஸ் இங்க் (விண்டோஸின் பேனா வசதி) என்பதைத் தேர்ந்தெடுத்து, நிரலை மூடித் திறங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

சர்ஃபேஸ் ப்ரோ போன்றவற்றில் ரேம் போர்டோடு ஒட்டியது, பின்னால் கூட்ட முடியாது. லேயர் அதிகம் வைப்பவர்கள் 32 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம். ஸ்னாப்டிராகன் (ஆர்ம் வகை பிராசஸர்) மாடல் என்றால் நீங்கள் நம்பியிருக்கும் பிளக்இன்கள், அதாவது துணை நிரல்கள், ஆர்ம் விண்டோஸில் ஓடுமா என்று முன்பே பாருங்கள். பேனா, கீபோர்டு பல சமயம் தனி விலை, அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சென்னை வியர்வைக்கு இரண்டு விரல் கையுறை அவசியம்: ஈரக் கை திரையில் ஒட்டாது, தவறான தொடுதலும் குறையும். நாள் முழுக்கச் சார்ஜரில் வைத்து வரைபவர்கள் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் டேப்லெட்டை விட்டுப் போகாதீர்கள், பேட்டரி உப்பினால் திரையையே தள்ளிவிடும்.